பன்னிரண்டாவது பெயர்

தென்காசி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் லோகநாயகியிடம் மதுரைக் கேஸைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுபோகும். அவ்வளவு ஆசையாகச் சொல்வாள்.

எட்டு வருஷத்துக்கு முந்தின கதை. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, வேலை வராமல் காத்துக் கிடந்த பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. பள்ளிக்கூடங்களில் இடம் காலியாகத்தான் இருந்தது. நிரப்புவதும் நிரப்பாததும் எங்கள் இஷ்டம் என்றது அரசாங்கம். சரி, ஹைகோர்ட்டே கேட்கட்டும் என்று கிளம்பினார்கள். மனுவை அடித்தது லோகநாயகி. தன் பெயரைப் பன்னிரண்டாவதாகப் போட்டாள்.

அந்நேரம் பார்த்துப் போன் வந்தது, பாவூர்சத்திரம் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்த புருஷன் சுந்தரபாண்டியனிடமிருந்து.

"நான் அரசாங்கச் சம்பளம் வாங்குதேன். நீ அரசாங்கத்து மேலயே கேஸ் போடுதியா? எம் புரமோஷன்ல மண்ணள்ளிப் போட்டுராதட்டி."

ஒரு வரிதானே, அழித்துவிட்டாள். பாவி மனுஷன்!

ஆனாலும் அலைச்சல் பூராவும் அவளுடையதுதான். வாய்தாவுக்கு வாய்தா செங்கோட்டை பாசஞ்சர், மடியில் ஃபைல் கட்டு, பக்கத்தில் சிநேகிதி மஞ்சு. மஞ்சுவின் புளியோதரை சிவகாசி தாண்டாது. ஒருதடவை மதுரையிலிருந்து திரும்பி இறங்கியதும் நேரே ஐந்தருவிக்குப் போய், கட்டின சேலையோடு நின்றார்கள். அந்தக் குளிரும் சிரிப்பும் இனி எங்கே வரப்போகிறது!

தீர்ப்பு வந்தது. நிரப்புவது அரசின் விருப்பம்தான், ஆனால் தேறியவர்களைக் காரணம் சொல்லாமல் ஒதுக்க முடியாது, மனுதாரர்களைப் பரிசீலிக்க வேண்டும் என்றது கோர்ட். பதினோரு பேருக்கும் வேலை கிடைத்தது. மஞ்சு செங்கோட்டையில் டீச்சர். லோகநாயகி எழுதிக் கேட்டதற்கு, வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும்தான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதாள்.

போன வாரம் சுந்தரபாண்டியன் கடைக்கு வந்தார். ரிட்டயராகிவிட்டார். கடைசிவரை கிடைக்காத புரமோஷனுக்காக அரசாங்கத்தின் மேல் கேஸ் போடப்போகிறாராம், மனு அடிக்கணுமாம்.

மனுதாரர் என்று போட்டு அவர் பெயரை அடித்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நீயும் உம் பேரைச் சேத்திருக்கலாம்லா. இன்னைக்கு டீச்சரா இருந்திருப்ப."

லோகநாயகியின் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"எத்தனை காப்பி வேணும்?"