சுரைக்காய் மட்டும் காய்த்த வருஷம்

முருகலட்சுமி தோட்டம் போட்டது ஆசையினால் அல்ல, கோபத்தினால்.

அவளுடைய ஊரான ஒத்தப்பனையூர், சாயல்குடியிலிருந்து மேற்கே உள்ளடங்கிக் கிடக்கிறது. செவ்வாயும் சனியும் மட்டும் அங்கே காய்கறி வண்டி வரும். மீரா சாகிபு என்பவர் குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவரிடம் வாங்கிய ஒரு கிலோ தக்காளியில் பாதி, மறுநாள் காலையிலேயே கொழகொழவென்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வண்டி வந்ததும் முருகலட்சுமி அந்தப் பையை அப்படியே கொண்டுபோய்த் தராசுத் தட்டில் வைத்தாள்.

"பாய், இத நீங்களே கொண்டுபோயி ரசம் வைங்க."

மீரா சாகிபு கோபித்துக்கொள்ளவில்லை. பையைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, மதுரையில ஏத்துறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வெயில்ல இங்கன வந்து சேருறதுக்குள்ள அது என்ன பண்ணும்? பறிச்ச மாதிரி காய் வேணும்னா வீட்டுக்குப் பின்னால ரெண்டு செடி வச்சுக்கங்க. நானா வேணாம்ங்கிறேன்?"

வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் வேறு நல்ல தக்காளி எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த முருகலட்சுமி, சமைப்பதற்கு முன்னால் மண்வெட்டியைத்தான் எடுத்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மகன் சென்னையில், மகள் பூங்கோதை கல்யாணமாகிப் பரமக்குடியில். புருஷன் ராக்கப்பனுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். அதில் முண்டு மிளகாய். கல்யாணமாகி வந்த நாள் முதல் களை எடுத்து, பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, தும்மித் தும்மியே அவள் காலம் போயிருந்தது. மண்ணைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மிளகாய்க் காட்டில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தால் போதும். கொல்லைப்புறத்தில் ஆறு வெண்டைச் செடியை உயிரோடு வைத்திருக்க, தினமும் தண்ணீர் வேண்டும் என்பதை அவள் அந்தப் பங்குனியில்தான் தெரிந்துகொண்டாள்.

தண்ணீர் இல்லாமல் இல்லை. வீட்டுப் போர்க்குழாயில் தாராளமாக வந்தது. அதில் போட்டால் பருப்பு வேகாது, குளித்தால் தலைமுடி கயிறாகும். இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே என்று காலையும் மாலையும் ஊற்றினாள். தக்காளி, வெண்டை, கத்தரி மூன்றும் முளைத்தன. நான்கு இலை விட்டன. பிறகு இலை ஓரங்கள் தீயில் காட்டியதுபோலக் கருகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் அதிகமாக ஊற்றினாள். இன்னும் வேகமாகக் கருகின.

ராக்கப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுல ஒருத்தன் பஞ்சகவ்யம் தெளிக்கணும்ங்கிறான் புள்ள."

"யாரு தெளிக்கிறது?"

"தெளிக்கணும்னுதான் சொல்லுறான். யாருன்னு சொல்லல."

சித்திரையில் மிளகாய் காயப்போடத் தார்ப்பாய் கொடுப்பதற்காகப் பெயர் எழுதிக்கொள்ள, தோட்டக்கலைத் துறையிலிருந்து சிநேகா என்ற பெண் அலுவலர் வந்தார். முருகலட்சுமி கையெழுத்துப் போட்டுவிட்டு அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். சிநேகா குனிந்து, பாத்தி ஓரத்தில் சுண்ணாம்பு தூவியதுபோல வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தல. ரெண்டு மாசமா உப்பு ஊத்தியிருக்கீங்க."

அந்தப் பெண் சொன்னது நல்ல யோசனைதான். பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். கண்மாய்க் கரம்பை மண்ணும் ஆட்டெருவும் போட வேண்டும். வைக்கோல் பரப்பி மூட வேண்டும். நல்ல தண்ணீர் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கொத்தவரை, கத்தரி, சுரை இவை தாங்கும், தக்காளியை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிய முருகலட்சுமிக்கு, அலுவலர் ஸ்கூட்டரில் ஏறிப் போனபிறகுதான் எரிச்சல் வந்தது. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடிநீர்க் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு குடம். மீதிக்கு ஊரணி. ஊரணிக்குப் போக வர இருபது நிமிஷம்.

ஆனாலும் ஆடியில் மறுபடியும் விதைத்தாள். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், காலையில் ஊரணியிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம். குடம் சுமந்த இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுத்தாள். பூங்கோதை போனில், "அம்மா, கால் கிலோ கத்தரிக்கா என்ன வெலைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டபோது இவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

செடிகள் வந்தன. ஆவணி கடைசியில் கத்தரி ஊதாப் பூவாகப் பூத்தது. முருகலட்சுமி முதல் தடவையாக ஒரு செடியின் முன்னால் சும்மா நின்று பார்த்தாள்.

மூன்றாவது நாள் ஆடு வந்தது.

ஆடு அடுத்த வீட்டு ஆடு. அடுத்த வீடு என்றால் ராக்கப்பனின் தம்பி வீடு. தம்பி பெண்டாட்டி சோணையம்மாள் பத்து ஆடு வளர்க்கிறாள். அதில் ஒரு கொம்பு ஒடிந்த வெள்ளாடு, எந்த வேலியையும் மதிக்காது. ஆனால் அன்று அது வேலியைத் தாண்டவில்லை. பல் விளக்கப் போன ராக்கப்பன் திறந்துபோட்ட வேலிப் படல் வழியாக நேராக நடந்து வந்தது. முருகலட்சுமி ஊரணியிலிருந்து திரும்பியபோது, பதினோரு கத்தரிச் செடியும் குச்சிகளாக நின்றன. ஆடு கொத்தவரையில் பாதிவரை வந்திருந்தது.

அவள் புருஷனைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவும் செய்தாள். ஆனால் அது போதவில்லை. படலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சோணையம்மாளைக் கேட்டாள்.

"ஆட்ட அவுத்து விடுறதுக்கு முந்தி ஒரு கட்டுக் கொழ போட்டா என்ன சோணை? எங்க வீட்டுத் தோட்டந்தான் ஒன் ஆட்டுக்குக் கெடச்சுச்சா?"

"அக்கா, படல யாரு தொறந்து போட்டா? ஆட்டுக்குத் தெரியுமா இது ஒங்க தோட்டம்னு? அதுக்கு என்ன, பட்டாவா காமிக்க முடியும்?"

இப்படித் தொடங்கிய பேச்சு, பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு காதுகுத்துச் சாப்பாட்டில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்பதுவரை போனது. அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் மூன்றாவது முறையாக விதைத்தாள். படலுக்குப் பூட்டுப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்த முறை மயில்கள் வந்தன. விடியும்போது ஐந்தாறு மயில்கள் சுவரில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்கள் போல நிதானமாக இறங்கி, முளைகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றன. அவள் கல்லை எடுத்தாள்.

"ஏ புள்ள, எறியாத. முருகனோட வாகனம்" என்றார் ராக்கப்பன்.

"எம் பேருலயுந்தான் முருகன் இருக்காரு. எனக்குப் பசிக்காதா?"

"அதுவும் போக, கேஸு போட்டுருவாக."

பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். மயில்கள் அதன் மேலேயே உட்கார்ந்தன. கடைசியில் ஒருநாள் பஸ் ஏறி மூக்கையூருக்குப் போனாள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம், கழித்துப்போட்ட வலை கிடைக்குமா என்று கேட்டாள். "மீன் புடிக்கவா?" என்று ஒருத்தர் கேட்டார். "மயில் புடிக்க" என்றாள். அவர்கள் சிரித்துவிட்டு ஒரு மூட்டை வலையைச் சும்மாவே கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது.

வலையைப் பாத்திகளின் மேல் கம்பு நட்டு விரித்தாள். மயில்கள் நின்றன. மீன் வாடைக்கு ஊரிலிருந்த பூனைகள் அத்தனையும் வந்தன. ஒரு வாரம் அவை பாத்தியில் புரண்டு, வைக்கோலைக் கிளறி, சண்டை போட்டன. வாடை அடங்கியபிறகுதான் அவையும் போயின. அதையெல்லாம் மீறிச் சுரைக்கொடி மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறிவிட்டது. வெண்டை முழங்கால் உயரம் வளர்ந்தது.

ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, ராக்கப்பன் காட்டுக்குப் போயிருந்தார். முருகலட்சுமி படலைத் திறந்து உள்ளே காலை வைத்தபோது புஸ் என்று சத்தம் கேட்டது. வலையின் தரையோர மடிப்பில் ஒரு பாம்பு சிக்கிக் கிடந்தது. அவள் உயரம் இருக்கும். முன்பாதி உடம்பு வலைக்கண்ணில் இறுகி, அசைய அசைய வலை நூல் தோலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை தெரிந்தது. சோணையம்மாள். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தாள்.

"சாரைதான். கத்தாதீக."

"நல்லதா இருந்தா?"

"நல்லதுன்னா இந்நேரம் படம் எடுத்துருக்கும். நில்லுங்க, வாரேன்."

அவள் ஈரச் சாக்கும் கவைக்கம்பும் கத்தரிக்கோலும் கொண்டு வந்தாள். சாக்கைப் பாம்பின் தலைமேல் போட்டு, கவையால் கழுத்துப் பக்கம் மெதுவாக அழுத்தினாள். "ம், அறுங்க" என்றாள். முருகலட்சுமி குனிந்து அறுக்கத் தொடங்கினாள். கத்தரிக்கோலை இரண்டு தடவை கீழே போட்டாள். வலைக்கண்களை ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட, பாம்பு மூச்சு விடுவது சாக்குக்கு மேலே தெரிந்தது. முழுசாக விடுவிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் இருவரும் "இந்தப் பக்கம்", "மெதுவா", "தோல வெட்டிராதீக" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

சாக்கை எடுத்ததும் பாம்பு சற்று நேரம் அப்படியே கிடந்தது. பிறகு நகர்ந்து, சுவரோரமாகப் போய், ஒரு பொந்து வழியாகச் சோணையம்மாள் வீட்டுப் பக்கம் நுழைந்தது.

"பாத்தீகளா. ஆடு வந்ததுக்குப் பதிலுக்குப் பாம்ப அனுப்பி வச்சுட்டீக" என்றாள் சோணையம்மாள்.

முருகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "காப்பி போடுறேன், உக்காரு" என்றாள். சோணையம்மாள் உட்கார்ந்தாள். ஆட்டைப் பற்றியோ காதுகுத்தைப் பற்றியோ இருவரும் பேசவில்லை. வலையைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டினால் எதுவும் சிக்காது என்று சோணையம்மாள் சொன்னாள். அன்று மத்தியானம் இரண்டு பேருமாகச் சேர்ந்து தூக்கிக் கட்டினார்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. வருஷம் முழுக்கத் தண்ணீருக்கு அலைந்த கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வெண்டை வேர் அழுகிப் போயிற்று. சிநேகா சொன்னபடி மழைக்காகக் காத்திருந்து நட்ட தக்காளி நாற்றெல்லாம் மிதந்தது. முருகலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அகப்பையாலும் வாளியாலும் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினாள். ஊரணியிலிருந்து சுமந்த குடங்களை நினைத்தபோது அவளுக்கு வானத்தைத் திட்டலாம் போலிருந்தது. ஆனால் மிளகாய்க்கு அந்த மழை வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இறைத்தாள்.

தப்பியது கூரைமேல் ஏறியிருந்த சுரைக்கொடி மட்டும்.

தை பிறந்ததும் அது காய்க்கத் தொடங்கியது. முதல் காயைப் பறித்து, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். ராக்கப்பன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு அந்த ஒருநாள் மனம் நிறைந்துதான் இருந்தது. அடுத்த வாரம் ஏழு காய். அதற்கடுத்த வாரம் பதினைந்து. கூட்டு, பொரியல், சாம்பார், தோலில் துவையல், அடை. பன்னிரண்டாம் நாள் ராக்கப்பன் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து, "வயிறு சரியில்ல" என்று சொல்லி டீக்கடைக்குப் போனார். சோணையம்மாள் நான்கு வாங்கினாள், ஐந்தாவதை ஆட்டுக்கு வெட்டிப் போட்டாள். ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மீரா சாகிபிடம் கொண்டுபோனபோது அவர் வண்டியின் மூலையைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் சுரைக்காய் கிடந்தது.

"தங்கச்சி, இந்த வருசம் இந்தப் பக்கம் யாரு போட்டாலும் இதுதான் காய்க்குது. நானே யாருகிட்டத் தள்ளுறதுன்னு இருக்கேன்."

மாசியில் மகாசிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் களரித் திருவிழா. வெளியூர்ப் பங்காளிகள் எல்லாம் வந்து கூடுவார்கள். முருகலட்சுமி முப்பத்தெட்டுச் சுரைக்காயைச் சாக்கில் கட்டி டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சமையல்காரரிடம் ஒப்படைத்தாள். அவளும் சோணையம்மாளும் உட்கார்ந்து அத்தனையையும் தோல் சீவி நறுக்கினார்கள். கடலைப்பருப்புப் போட்டு அண்டாவில் கூட்டு வெந்தது. பந்தியில் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

கமுதியிலிருந்து வந்திருந்த காளீஸ்வரன் என்ற பங்காளி, இலையை வழித்துக்கொண்டே, "ஏலே ராக்கப்பா, ஒன் தோட்டத்துக் காயாம்ல. இந்த உப்பு மண்ணுல எப்பிடிடா வெளைய வச்ச?" என்று கேட்டார்.

ராக்கப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெனக்கெடணும்ணே. சும்மா வந்துருமா?"

வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த முருகலட்சுமி அங்கேயே நின்றாள். சோணையம்மாள் வாயைத் திறக்கப் போனாள். முருகலட்சுமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சாமி காரியத்தில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். புருஷன் இலையில் இன்னும் இரண்டு கரண்டி சுரைக்காய்க் கூட்டை ஊற்றினாள்.

மறுநாள் காலை ராக்கப்பன் கண்விழித்தபோது கட்டில் பக்கத்தில் இரண்டு குடம் இருந்தது. குடத்தின் மேல் படல் சாவி இருந்தது.

"என்னது இது?"

"ஊரணி. வெயில் ஏறுறதுக்கு முந்திப் போயிட்டு வந்துருங்க. மெனக்கெடுறவுக மெனக்கெடணும்ல."

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் அப்போதும் சிரிக்கவில்லை. அவர் போனார்.

இப்போது சித்திரை. காய்ந்துபோன கொடியைக் கூரையிலிருந்து இறக்கியாயிற்று. ராக்கப்பன் தினமும் இரண்டு குடம் கொண்டுவருகிறார். சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக் கொண்டுவருகிறார், முருகலட்சுமிக்கு இந்த யோசனை ஒரு வருஷமாகத் தோன்றவில்லை என்பதில் அவளுக்கு வருத்தம். தண்டுக்கீரை விதைத்தார். விதையை எறும்புகள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போயின. சாம்பல் கலந்து மறுபடியும் விதைத்தார். முளைத்தது. முளைத்ததை வெயில் தின்றது. பனையோலை வெட்டிவந்து நிழல் கட்டினார். நேற்றுக் காலை பாத்தியிலிருந்து எழுந்து வந்து, மண்வெட்டியைச் சுவரில் சாத்தாமல் தரையில் போட்டார்.

"மனுசன் ஒரு கட்டுக் கீரை வெளைய வைக்க முடியல இந்த ஊர்ல."

முருகலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரெண்டு மாசந்தான் ஆவுது. குடிங்க. குடிச்சுட்டு அந்த ஓலையக் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க, மேக்கால வெயில் விழுது."