ஒரே தெரு, ஒரே அடுப்பு

என் ராத்தா புத்தளத்தில் கல்யாண வீடுகளுக்கு, தேங்காய்ப்பாலில் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் செய்து கொடுப்பவள். வெளிநாட்டிலிருந்து ஒரு மணப்பெண்ணின் தாய், இங்கே நடக்கவிருக்கும் மகளின் கல்யாணத்துக்கு இனிப்பு முழுவதையும் ஒரே ஆளிடம் கொடுக்கப்போவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அவ்வளவு பெரிய ஓடர் ராத்தாவுக்கு வந்ததே இல்லை. "உங்கட வெப்சைட்ட அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றன்" என்று முடித்திருந்தார். எங்களிடம் வெப்சைட் ஏது? கம்பியூட்டர் வகுப்புக்குப் போன தங்கச்சி நான் இருந்தேன், அவ்வளவுதான்.

இலவசமாகக் கிடைத்த தீம்களில், எந்தத் தேசத்துப் பேக்கரிக்கோ செய்த ஒன்றை எடுத்தேன். எழுத்து ஒரு பிளொக், படம் ஒரு பிளொக், பட்டன் ஒரு பிளொக். இழுத்து வைத்தால் போதும் என்றார்கள். நான் படத்தை இழுத்தால் தலைப்பு கீழே போனது. தலைப்பை ஏற்றினால் படம் காணாமல் போனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் மவுசைத் திட்டினேன்.

நடுப்பக்கத்தில் பாண் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கீழே இங்கிலிஷில் ஒரு வரி.

"இந்தக் கிழவன் ஆருடி?" என்றாள் ராத்தா.

"ஆருமில்ல. மாதிரிக்குப் போட்டிருக்கு."

"என்ன சொல்றான்?"

"மூணு தலைமுறையா ஒரே தெரு, ஒரே அடுப்பாம்."

ராத்தா அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரம் பிடித்தது. தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரிலிருந்து விரட்டியபோது அவள் சிறுபிள்ளை. நான் இங்கே அகதி முகாமில் பிறந்தவள்.

"அத எடுத்துட்டு எங்கடதப் போடு. மன்னார்ல உம்மாட அடுப்பு, முகாம்ல மூணு கல்லு, இப்ப கேஸ். எல்லாத்துலயும் ஒரே வட்டிலப்பம்."

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கல்யாண இனிப்புப் பார்க்க வருகிறவருக்கு முகாமைக் காட்டுவதா? இந்த ஊரில் இன்னும் சிலருக்கு நாங்கள் 'அகதி ஆக்கள்'. 'தரமான சுவை' என்று போடுவோம் என்றேன். "அது எல்லாக் கடை போர்ட்லயும் இருக்கு" என்றாள். ராத்தா பிடித்தால் உடும்புப்பிடி. சரி, கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணில் படாமல் போட்டுவிடலாம் என்று தட்டினேன்.

எதை அழுத்தினேனோ, வரி எல்லாப் பக்கத்திலும் ஏறிவிட்டது. முகப்பில், விலைப் பக்கத்தில், போன் நம்பருக்குக் கீழே, எங்கும் முகாமும் மூன்று கல்லும். அழிக்கலாம் என்று ஒரு பக்கத்தைத் திறந்தால் அங்கே அந்த வரியே இல்லை. போனில் பார்த்தால் இருக்கிறது. இல்லாததை எப்படி அழிப்பது? நான் தேடிக்கொண்டிருக்கும்போதே ராத்தா லிங்கை அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தாயின் அழைப்பு வந்தது. ராத்தா ஸ்பீக்கரில் போட்டாள். சலாம் சொன்னவர் விலையைக் கேட்கவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

"எந்த முகாம்?" என்று கேட்டார்.

"பாலாவிக்குப் போற ரோட்டுல, தென்னந்தோட்டத்துக்குள்ள."

"உப்புக் கிணறு ஒண்டு இருந்திச்சே?"

"ஓம்," என்றாள் ராத்தா. "அந்தத் தண்ணிலதான் எங்கட உம்மா சமைச்சா."

"எங்கட உம்மாவும்தான்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ட மகள்ட வட்டிலப்பத்துக்கு மட்டும் அந்தத் தண்ணிய எடுத்துடாதீங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

நான் அப்போதும் அந்த வரியை அழிக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு ராத்தா என்னைப் பார்த்தாள்.

"மவுசக் கீழ வைடி. தேங்கா துருவணும்."