சும்மா இருந்த நேரம்

அக்காவின் மடிக்கணினி தோசைக்கல்லாகச் சுடும். அதன் விசிறி போடும் "கொர்ர்" சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் பத்தாம் வகுப்புப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் அவளுக்கு இலவசமாகக் கொடுத்த கணினி அது. அந்த வருடமே, ஆம்பூரில் தோல் பதனிடும் "தோல் ஷாப்பு" வேலையிலிருந்த அப்பா கழிவுத்தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கியவர், விஷவாயு தாக்கி மேலே வரவில்லை. இயற்பியல் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த அக்கா, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கப் போனாள்.

போன பிறகுதான் அவளுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. ஐரோப்பாவில் பூமிக்கடியில் அணுத்துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்களாம். அந்தக் கணக்குகள் மலைபோலக் குவிவதால், நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தைத் தானமாகக் கொடுத்தால் அது அவர்களுக்காகக் கணக்குப் போட்டு அனுப்புமாம். அக்கா அதை ஓடவிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவாள். ஆளில்லாத வீட்டில் வெடித்துத் தொலையப் போகிறது, நிறுத்து என்று அம்மா திட்டினாள்.

"நான்தான் படிக்கல. இதாவது பிசிக்ஸ் பண்ணட்டும்மா."

அம்மா அதன் அடியில் ஒரு மரப்பலகையை வைத்தாள்.

சாயங்காலம் அக்கா பசை நாறும் கையோடு வந்து முதலில் திரையைத்தான் பார்ப்பாள். கணக்கு முடிந்திருந்தால், உன்னைவிட இவன் தேவலாம் என்று என்னைச் சீண்டுவாள். தபால் வழியிலாவது பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று பாடங்களையெல்லாம் அதில்தான் இறக்கி வைத்திருந்தாள்.

ஒருநாள் அது நின்றுவிட்டது. பஜாரில் ரிப்பேர்க்காரர் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்புக் கம்பியெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. நம்ம ஊர்க் காற்றுதான், தோல் ஷாப்புப் பக்கம் வெள்ளிக் கொலுசே கறுக்கிறது, போர்டு எங்கே தாங்கும் என்றார்.

"தொட்டில வர்ற அதே கேஸாண்ணா?" என்றாள் அக்கா.

"அதேதாம்மா. இங்க கம்மி, அவ்ளோதான்."

அக்கா அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். படிப்புப் பேச்சை அதோடு விட்டாள்.

இப்போது அந்தச் சத்தம் அந்த வீட்டில் இல்லை. அக்கா பாடம் இறக்கி வைப்பதும் இல்லை, வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. வேலைக்காக வெளியூர் வந்துவிட்ட நான், போன பொங்கலுக்குப் புதுக் கணினி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அதைத் தடவிப் பார்த்தாள், இரண்டு முறை இருமினாள், மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போய்டுடா. இங்க வெச்சா கறுத்துடும்."

கணினி சத்துவாச்சாரியில் நான் தங்கியிருக்கும் அறையில் என் மேஜைமேல் நன்றாக ஓடுகிறது. அக்கா ஆம்பூரிலேயேதான் இருக்கிறாள்.