காற்று இறக்கிய வண்டிகள்

திரும்பி வந்த சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பெடலின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார் அக்கா. புதிதாக ஒரு கீறல்.

“கல்லுல அடிச்சிருக்கு.”

“இல்லீங்களே, ஒண்ணும் ஆகலயே” என்கிறார் ஓட்டிவந்த வாடிக்கையாளர்.

“முட்டியக் காட்டுங்க.”

முட்டியில் ரத்தம் காய்ந்திருக்கிறது.

மலைப்பாதையில் ஓட்டுகிற மின்சார சைக்கிள்களை வாடகைக்கு விடும் கடை அது. முதலாளி அக்காவின் கொழுந்தன். அக்கா மெக்கானிக். ரசீது போடுவது நான். அவரை ஊரே ‘பெடல் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. போல்ட் முடுக்கும் ஆலன் சாவியைக் கொண்டையில் செருகிக்கொண்டு கடை முழுக்க அதையே தேடுவார். எடுத்துக் கொடுத்தால், “முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று நம்மிடமே சண்டைக்கு வருவார்.

வாடிக்கையாளர்கள் வந்ததும் வராததுமாகக் கேட்பது ‘டர்போ எங்க இருக்கு?’ என்றுதான். மோட்டாரை முழு வேகத்தில் தள்ளவைக்கும் பொத்தான் அது. பிரேக் எங்கே என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கல்லும் வேருமா இருக்கற இடத்துல டர்போ எதுக்குங்க? நீங்க கால நிறுத்தினாலும் மோட்டார் இன்னும் கொஞ்சம் தள்ளும். அதுக்குள்ள பெடல் கீழ போயி கல்லுல முட்டும். வண்டி நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க. பறந்துடுவீங்க!”

பிறகு அவரே ஒரு வண்டியில் ஏறிக் காட்டுவார். கல் வருவதற்கு முன்பே மோட்டாரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். முழுச் சுற்று மிதிக்கக் கூடாது. அரைச் சுற்று மிதித்து, காலைப் பின்னால் கொண்டுவந்து, மறுபடி அரைச் சுற்று. மிதிக்கத் தேவையில்லாத இடத்தில் இரண்டு பாதங்களும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். “ஒரு கால் மேல, ஒரு கால் கீழன்னு தொங்கவிட்டுக்கிட்டுப் போகாதீங்க, சாமி!”

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்கு அடிபடத்தான் செய்கிறது. காரணம் கடை வாசலிலேயே இருக்கிறது. ஏறி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வண்டி மெத்தென்று அமுங்கினால்தான் பிடிக்கிறதாம். ‘அட, சோபா மாதிரி இருக்கே!’ என்று உடனே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் கொழுந்தன் கடை திறந்ததும் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு வண்டியிலும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனிலிருந்து காற்றைப் புஸ்ஸென்று இறக்கிவிடுவது. காற்று குறைந்தால் ஆள் ஏறியதும் வண்டி தாழ்கிறது. கூடவே பெடலும் தாழ்கிறது. அப்புறம் வழியில் இருக்கிற கல்லெல்லாம் எமன்தான்.

கொழுந்தன் இறக்க இறக்க அக்கா ஏற்றுவார். எல்லோர் முன்னிலும் “எத்தன கிலோ?” என்று உரக்கக் கேட்பார். வாடிக்கையாளர்கள் கூச்சப்பட்டு நாலு கிலோவைக் குறைத்துச் சொல்வார்கள். ஆனால் சஸ்பென்ஷன் தண்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு தூரம் அது நகரும். “உங்க வாய் ஒண்ணு சொல்லுது, வளையம் ஒண்ணு சொல்லுது” என்று சிரித்துக்கொண்டே காற்றடிப்பார். கூட்ட நாட்களில்தான் ஆபத்து. “அண்ணி, நேரமாகுது, விடுங்க” என்று கொழுந்தன் வண்டிகளைப் பிடுங்கி அனுப்பிவிடுவார்.

அப்படி அனுப்பிய ஒரு வண்டியில்தான் போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியர் விழுந்தார். காறை எலும்பு முறிந்துவிட்டது. “அவருக்கு ஓட்டத் தெரியல” என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொன்னார். மனுஷனுக்கு மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா? ஆசிரியர் ஓட்டியதை நானே பார்த்திருக்கிறேன், அக்கா சொன்னபடி அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிப்பவர் அவர். ‘ஒருவேளை இவருக்கு உண்மையிலேயே விஷயம் புரியவில்லையோ’ என்று அக்கா மட்டும் கொழுந்தனுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டார்.

அந்த இரக்கமும் நேற்றோடு போயிற்று. கொழுந்தனின் மகள் கல்லூரித் தோழிகள் மூவரோடு வந்திருந்தாள். “பெரியம்மா, கல்லுப் பாதையிலதான் போகப் போறோம்!” என்று குதித்தாள். வாசலில் நான்கு வண்டிகள், நான்கும் காற்று இறக்கியவை. வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தது. கொழுந்தன் அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணி, நம்ம பொண்ணு வண்டிக்கு மட்டும் கொஞ்சம் காத்து ஏத்திடுங்க.”

பக்கத்திலேயே நின்ற எனக்குக் காது கூசியது. மட்டுமாமே! ஆக, இத்தனை நாளும் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

“அப்ப மத்த மூணு?” என்றார் அக்கா.

“கூட்டம் நிக்குதே அண்ணி. அதுங்க மெதுவாத்தான் போகும்.”

அக்கா பம்பை எடுத்தார். மகளை வண்டியில் உட்காரவைத்து, வளையத்தைப் பார்த்து, அளவாகக் காற்றடித்தார். அவள் இறங்கியதும் சரசரவென்று நடந்துபோய் அடுத்த தோழியின் வண்டியை இழுத்துவந்து கொழுந்தனுக்கு முன்னால் நிறுத்தினார். பம்பை அவர் கையில் திணித்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் குனிவதற்காகக் காத்து நின்றார்.