ஒரே பிரதி

அந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. எட்டு எம்எம் அப்படித்தான். கேமராவில் ஓடிய சுருளே பம்பாய்க்குப் போய்க் கழுவப்பட்டு, பார்க்கிற படமாகத் திரும்பி வரும். உலகத்தில் ஒன்றே ஒன்று. அதில் என் மனைவி இருந்தாள். பீங்கான் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத் தழும்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தபடி, எட்டு நிமிடம். படம் எடுத்த மறுவருடம் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

எழுபதுகளின் நடுவில், பாண்டிச்சேரியில் ஒரு சினிமா சங்கம் சின்னப் படங்களுக்குப் போட்டி விழா நடத்துவதாகத் தாள் வந்தது. கேமராவை எனக்கு இரவல் தந்த ஸ்டூடியோக்காரன் விடவில்லை.

"அனுப்புய்யா. பொட்டியில பூட்டி வச்சிக்கினு யாருக்குக் காட்டப்போற?"

"தொலைஞ்சிட்டா?"

"பூஞ்சை புடிச்சிப் போனா மட்டும் பரவால்லியா?"

அனுப்பலாம் என்று காலையில் தோன்றும், சாயங்காலம் வேண்டாம் என்று. அவளை ஊரே பார்க்க வேண்டும். யாருமே பார்க்கக் கூடாது. இரண்டும் ஆசைதான். முடிவெடுக்க முடியாமல், சேத்தியாத்தோப்பிலிருந்து அவள் அம்மாவை வரச் சொன்னேன். அத்தை அதுவரை படத்தைப் பார்த்ததில்லை.

ஸ்டூடியோவில் பகலிலேயே ஜன்னலைச் சாத்தி, வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினோம். வந்தாள். குனிந்து துடைத்தாள். நிமிர்ந்து, "போதும், வைங்க, மேஸ்திரி பாக்குறாரு" என்று சத்தமில்லாமல் சொல்லிச் சிரித்தாள்.

"மாப்ள, கொஞ்சம் நிறுத்துங்க. மொவத்தப் பாத்துக்கிறேன்."

நிறுத்தக் கூடாது. பழைய புரொஜெக்டர், ஓடுகிற வரைதான் விளக்கின் சூட்டைப் பிலிம் தாங்கும். தெரிந்தே நிறுத்தினேன். எனக்கும் அந்த முகம் வேண்டியிருந்தது. அசையாமல் நின்றாள். கன்னத்தில் ஒரு பழுப்பு. அது விரிந்தது, கொப்பளித்தது, கண் வரை போனது. ஸ்டூடியோக்காரன் பாய்ந்து சுருளை இழுத்தான். அது கிழிந்தது.

இருட்டில் அத்தை கேட்டார். "நான் நிறுத்தச் சொன்னதாலயா?"

"இல்லத்த. ஒண்ணும் ஆவல."

"என் வாயி, மாப்ள. எம் பொண்ண நானே..."

"ஒண்ணும் ஆவலன்றேன். நாளைக்கே போட்டிக்கு அனுப்பப்போறேன், பாருங்க. கெட்டுப்போனத யாராச்சும் அனுப்புவாங்களா?"

"நெசமாவா?"

அப்படித்தான் முடிவானது. கருகியதையும் கிழிந்ததையும் வெட்டி ஒட்டியபோது சிரிப்பு போயிருந்தது. நிமிர்கிறாள், உடனே குனிகிறாள்.

அத்தை ஊர் திரும்பாமல், மறுநாள் ஜங்ஷன் பார்சல் ஆபீஸுக்கு என்னோடு வந்தார். இந்தப் பீங்கான் ஊரிலிருந்து வேறென்ன போகும் என்று குமாஸ்தா, கேட்காமலே பெட்டிமேல் 'உடையும் பொருள்' சீட்டை ஒட்டினார். நான் பெட்டியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. அத்தைதான் அதை இரண்டு கையாலும் உள்ளே தள்ளிக் கொடுத்தார்.

பரிசில்லை என்று கடிதம் வந்தது. படம் வரவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதிலில்லை.

அத்தை பஸ்ஸேறி வரும்போதெல்லாம் கேட்பார். "படம் வந்துச்சா மாப்ள?"

"இன்னும் காட்டிக்கினு இருக்காங்களாம் அத்த."

"காட்டட்டும், காட்டட்டும்" என்பார்.