ஏழாவது பிக்கப்

கிடாரை மேசைமேல் மல்லாத்திப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பின் தலையில் டொக் டொக்கென்று தட்டுவார் அத்தான். பக்கத்தில் இருக்கும் ஆம்ப் அதே டொக்கைப் பெரிதாகத் திருப்பிச் சொல்லும். "உசுரு இருக்கு," என்பார். உயிர் இருந்தும் என்ன பிரயோஜனம், அதைக் கழற்றி எறியத்தான் போகிறார். சனிக்கிழமை காலை என்றால் இதுதான் வேலை.

பிக்கப் ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி. கிடார்க் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும். நல்லதாக ஒன்றை மாட்டினால் பத்து வருஷம் அதை மறந்தே போகலாம். அத்தான் இரண்டு வருஷத்தில் ஆறு மாற்றிவிட்டார்.

அவர் என் அக்காவின் கணவர். டமார் டமாரென்று இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷ வேலை, இப்போது ஃபோர்மேன். தகட்டில் வெட்டவேண்டிய இடத்தைக் குறிக்கும் வெள்ளை மார்க்கர், லீவு நாளிலும் சட்டைப் பையில் இருக்கும். ஞாயிறு மதியம் ஒரு கிளப்பில் நாங்கள் வாசிக்கிறோம். அவர் கிடார், நான் டிரம்ஸ், பாடுவது ஒரு பல் டாக்டர். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் திங்கள் முதல் வெள்ளி வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார். புது பிக்கப்பில் எந்தக் காந்தம், எத்தனை சுற்று, சுற்றியது கையா மெஷினா என்று முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் எழுதிக் கேட்பார். வந்ததை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். ஒரு மாதத்தில் முகம் சுருங்கிவிடும். "கம்பளியப் போத்திக்கிட்டு பேசுற மாதிரி இருக்குடா." கழற்றியதை பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே ஒரு துண்டுத் தாளில் தீர்ப்பு எழுதி ஒட்டுவார்: கம்பளி. ஆறுக்கும் அதே தீர்ப்புதான்.

பிக்கப்போடு விட்டாரா? கம்பிகளின் ஒரு முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் நட் போய்ப் பித்தளை வந்தது. மறு முனையைத் தாங்கும் பிரிட்ஜ் கனத்த எஃகானது. டோன் குமிழ் உச்சத்திலேயே கிடந்தது. எல்லாமே சத்தத்தைக் கூராக்கும் மாற்றங்கள். அக்கா சமையலறையிலிருந்து முகத்தைச் சுளித்தால், "உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி," என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

போன ஞாயிறு முன்வரிசையில் ஓர் அம்மாள் காதில் டிஷ்யூவைத் திருகிச் சொருகிக்கொண்டார். பல் டாக்டர் என்னை ஓரங்கட்டினார். "வாரம் முழுக்க டிரில் சத்தத்துலதான் நிக்கிறேன். ஞாயித்துக்கிழமையும் அதையே கேக்க முடியாது. அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கலாம். நீங்களே சொல்லிருங்க."

சொல்லிவிடுவது என்றுதான் சனிக்கிழமை போனேன். போய் டீ குடித்தேன். இரண்டு பிஸ்கட் தின்றேன். அத்தான் ஏழாவது பிக்கப்புக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். இதிலாவது விடிவு பிறக்கும் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. நான் மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் வாஷிங் மெஷின் துவைத்து முடித்துவிட்டுப் பீப் பீப் என்று கீச்சுக்குரலில் அடிக்க ஆரம்பித்தது. அவர் திரும்பவில்லை. அக்கா ஈரக்கையோடு வந்தாள்.

"பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. மெஷின் கத்துறது கேக்கலையா?"

"அது எங்க கத்துது? பஸ்ஸர் போயி மூணு மாசமாச்சு. நானே புதுசு வாங்கி மாட்டினேன், அதுவும் டப்பா."

மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் என்னைப் போலக் கோழையில்லை.

"புதுசும் நல்லாத்தான் இருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பவும் அடிக்குதுங்க."

அத்தான் எழுந்துபோய் மெஷின்மேல் ஒரு காதை வைத்தார். பிறகு மறு காதை. என்னைப் பார்த்து, உனக்கும் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றேன். அதோடு டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பயந்துபோயிருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"அப்ப இந்த ஆறும்?" என்று டின்னைக் காட்டினார்.

அக்கா அங்கேயே நின்று காது டாக்டருக்கு ஃபோன் போட்டுத் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினாள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஏழாவதை டப்பாவில் திருப்பி வைத்தார். டின்னைக் கிளறி, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததை, கிடாரோடு கடையிலிருந்து வந்த பழைய பிக்கப்பை, எடுத்து மாட்டினார். கம்பிகளை முறுக்கினார். அக்காவைக் கைகாட்டி எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் துணி காயப்போடணும் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள்.

வாசித்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. அக்காவின் புருவங்கள் நெரிந்தன. அவள் நெற்றியை விட்டுப் பார்வையை எடுக்காமல், ஒரு கம்பியைத் தட்டுவதும் டோன் குமிழை ஒரு நூலளவு இறக்குவதுமாக இருந்தார். ஓரிடத்தில் சுருக்கம் விட்டது. மேலே கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார், நெரிந்தது. இறக்கினார், விட்டது. குமிழை அங்கேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் பையிலிருந்த மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்.