குறையில்லாத பஸ்

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது, "குறை ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பார்கள். சாம்பாரில் உப்பு கம்மி என்று யாராவது சொல்வார்களா? நான் சொல்லிவிடுகிற ஆள். அதனாலேயே என் மனைவி இலையை மடித்த கையோடு என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவனை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். நம் பக்கம் ஓடுகிற பஸ்களைப் பார்த்து அதே மாதிரி சின்னதாகச் செய்கிறவர்களின் குழு. ஃபோம் ஷீட்டில் உடம்பு, பிளாஸ்டிக் தாளில் கண்ணாடி, பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற நான் அவர்களுக்கு ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பேன். குழுவில் யார் போட்டோ போட்டாலும் "செம்ம மச்சான்", "வேற லெவல்" என்று கொட்டும். படம் முழுதாகத் திறப்பதற்குள் பாராட்டு வந்துவிடும். போட்டவரும் தவறாமல் "குறை இருந்தா சொல்லுங்க" என்று எழுதியிருப்பார்.

நான் சொன்னேன். முன்கண்ணாடி சாய்வு ஜாஸ்தி. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளம் போதவில்லை, வால் அறுந்த மாதிரி இருக்கிறது. திட்டக்குடிக்காரர் ஒருவர், நீ ஒன்று செய்து காட்டு பார்ப்போம் என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் பக்குவம் வந்தது. சரியாக வந்திருப்பதை முதலில் சொன்னேன், அதுவும் நிஜமாகவே சரியாக இருந்தால்தான். "சாய்வு தப்பு" என்பதைவிட "மேல்பக்கம் ஒரு நூல் அளவு முன்னால் தள்ளுங்க" என்பது எடுபட்டது. வேலையைப் பற்றி மட்டும் பேசுவது, ஆளைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் பேச்சைக் கேட்டு வெட்டியதைப் பிரித்து மறுபடி வெட்டுகிறவர் சிதம்பரத்து பாய் ஒருவர்தான். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்து, காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்திருந்தார். "இப்ப பாருங்க சார்" என்று அடுத்த வாரமே புதுப் படம் வரும். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட நன்றாக இருக்கும். குழுவில் இரண்டு பேர் அவரிடம் பஸ் வாங்கினார்கள். அதிலிருந்து அவருக்கு ஒரு ஆசை பிறந்திருக்கிறது, மறுபடி வெளிநாடு போகாமல் பஸ் செய்தே பிழைத்துவிடலாம் என்று. இது எனக்குத் தெரிந்தது அவர் மனைவி போன் செய்தபோதுதான்.

அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. கணவர் போனிலிருந்து என் நம்பரை எடுத்திருந்தார். புது விசா வந்துவிட்டது, இந்த வாரம் பதில் சொல்லியாக வேண்டும், உங்களிடம் கேட்டு முடிவு செய்யத்தான் அவர் நாளைக்குப் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு கடலூர் வருகிறார் என்றார். மற்றவர்கள் எல்லாருக்கும் சூப்பர் என்கிறார்கள், நீங்கள் சொன்னால்தான் நம்புவார் என்றும் சொன்னார்.

"அண்ணே, எங்க புள்ள அவுங்கள போன்லயே பாத்து வளந்துச்சு. வந்த புதுசுல கிட்டயே போவல. இப்பதான் மடியில ஒக்காருது. பொழைச்சிக்கலாம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா இருந்துடுவாங்க."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எரிச்சலாக வந்தது. கண்ணாடியின் சாய்வைப் பற்றிக் கருத்து சொல்லப் போனவன் தலையில் ஒரு குடும்பத்தைத் தூக்கி வைத்தால் எப்படி?

மறுநாள் மதியம் பாய் வந்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து, மேலே சுற்றியிருந்த துப்பட்டாவை விலக்கினார். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே தினமும் ஓடுகிற ஒரு தனியார் பஸ். அதே பஸ்ஸில்தான் அதைக் கொண்டுவந்திருக்கிறார். கண்டக்டர் பார்த்துவிட்டு, பெட்டியை வைக்க டிரைவர் பக்கத்திலேயே இடம் பண்ணிக் கொடுத்தாராம். பாய் செய்த பஸ்ஸில் டிரைவர் சீட்டின் முதுகில் ஒரு குட்டித் துண்டுகூடத் தொங்கியது. நான் கடைசியாகச் சொல்லியிருந்த படிக்கட்டு உயரத்தையும் திருத்தியிருந்தார். அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

"சார், இத நம்பி நா இங்கயே இருந்துடலாமா?"

ஒரு பஸ் செய்ய அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாங்குகிறவர்கள் யார்? குழுவில் இருக்கிற எங்களைப் போன்ற கைக்கும் வாய்க்குமான ஆட்கள். இரண்டு பேர் வாங்கியாயிற்று, மூன்றாவது ஆளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முந்தின நாள் கேட்ட குரலும் காதில் இருந்தது. இருங்க பாய், பார்த்துக்கொள்ளலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வேலையைப் பற்றி இத்தனை நாள் ஒரு பொய்யும் சொல்லாதவன், வாழ்க்கையைப் பற்றிக் கேட்கும்போது சொல்லலாமா?

"பஸ்ல ஒரு குறையும் இல்ல பாய். ஆனா இது சோறு போடாது."

அவர் முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. வெகுநேரம் தூக்கி வைத்திருந்ததை இறக்கி வைத்தவர் போல இருந்தார். தனக்கும் அப்படித்தான் தோன்றியது, வேறு யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது என்றார். டீ குடித்தோம். பஸ்ஸை எனக்கே கொடுக்கப் பார்த்தார். உங்கள் பிள்ளைக்கு வேண்டும், வீட்டிலேயே இருக்கட்டும் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் போய்விட்டார். அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வேனில் திரும்பும்போது அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். நான் முந்திக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நான் நினைத்ததைத்தான் சொன்னேன், இரண்டு பஸ் விற்றதை வைத்து ஒரு குடும்பம் ஓடாது, நாளைக்குப் பாய் கடன்பட்டால் என்னைத்தானே சொல்வார் என்று என்னென்னவோ சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நான் முடித்த பிறகு, அந்த அம்மா துளியும் கோபமில்லாமல் சொன்னார்:

"நீங்க சொன்னது நெசந்தாண்ணே. அவுங்களும் அதத்தான் சொல்றாங்க. ஆனா நா ஒங்ககிட்ட நெசத்தக் கேக்கலியே."